ஊர் வீட்டில் தங்கப் போகிறீர்களா?

முதல்தடவை யாழ்ப்பாணம் போனபோது நான் ஹோட்டலில் தங்கினேன். ஊர் வீட்டை ஒரு மணித்தியாலம் சுற்றிப் பார்த்து, படம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த முறை நடுவில் முற்றமும் நாலு பக்கமும் அறைகளுமாக உள்ள அம்மம்மாவின் நாற்சார் வீட்டிலேயே பத்து நாள் கிடந்தேன். நாலாம் நாளுக்குப் பிறகுதான் அக்கம்பக்கத்து ஆட்கள் வந்து உட்கார்ந்து கதைக்கத் தொடங்கினார்கள். அதனால் தங்குவதென்றால் ஒரு கிழமைக்குக் குறையாமல் தங்குங்கள்.

போவதற்கு முன்பே ஆள் பிடித்து வீட்டைத் திறந்து காற்றாட விடச் சொல்லுங்கள். கிணறும் இறைத்திருக்க வேண்டும். சுண்ணாம்புக்கல் நிலத்துத் தண்ணீர், குளிக்கச் சரி. மூன்றாம் நாள் தலைமயிர் தும்பாகிவிடும். குடிக்கப் போத்தல் தண்ணீர் வாங்குங்கள். ஆடி, ஆவணியில் சோளகக் காற்று வீடு முழுக்கப் புழுதி அள்ளிக் கொட்டும், கிணற்றிலும் தண்ணீர் குறைவு. ஐப்பசிக்குப் பிறகு மழை. எந்த ஓடு ஒழுகுமென்று அப்போதுதான் தெரியும். நீங்களே கூரையில் ஏற வேண்டாம், ஒன்றைத் திருத்தப் போய்ப் பத்தை உடைப்பீர்கள். பழைய வயரிங்கில் கேத்தலையும் அயன்பொக்ஸையும் ஒன்றாகப் போடாதீர்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: ஆசைக்குக்கூட நிலத்தில் பாய் போட்டுப் படுக்காதீர்கள். முற்றம் திறந்த வீடு. கட்டுவிரியன் இரவில்தான் வரும். கடித்தால் பெரிதாக வலிக்காது, அதுதான் ஆபத்து. கட்டிலில் நுளம்பு வலையை மெத்தைக்கடியில் செருகிப் படுங்கள். சந்தேகம் வந்தாலே நேரே அரச ஆஸ்பத்திரிக்குப் போங்கள், வைத்தியம் இலவசம்.

இனிக் கதைக்கு வருவோம். "சண்டைக்காலத்தில் இங்கே என்ன நடந்தது?" என்று கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஒரு பொருளைக் காட்டிக் கேளுங்கள். எங்கள் வீட்டில் எல்லா அறைக்கும் ஓடு, குசினிக்கு மட்டும் தகரம். காசில்லாமல் போட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். மழை விட்ட ஒரு காலையில் மாமரத்தடியில் 'ட' எழுத்துப் போல வளைந்த ஒரு பள்ளத்தில் தண்ணீர் நின்றது. நுளம்பு பெருகுமே என்று ஒரு லோட் மண்ணுக்குச் சொல்லிவிட்டேன். பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தா.

"பிள்ளை, அதிலை மண்ணைக் கொட்டப் போறியே? அது எங்கடை பங்கரெல்லோ."

குண்டு விழும்போது பதுங்க 1990இல் வெட்டியதாம். இரண்டு வீட்டுச் சனமும் அதற்குள்தான். மேலே அடுக்க மரம் இல்லாமல், குசினிக் கூரையின் பனை வளைகளைக் கழற்றச் சொன்னது அம்மம்மாவாம். "சமைக்கிறதுக்கு ஆள் மிஞ்சினால் பிறகு கூரை போடலாம் எண்டவ." 1995 ஒக்டோபர் 30இல் யாழ் நகரும் சுற்றூர்களும் அடங்கிய வலிகாமமே ஊரை விட்டு எழும்பி நடந்தபோது பங்கர் அப்படியே கிடந்து, பிறகு தூர்ந்து போனது. மண் லோட்டை மாமி வீட்டு வாழைக்கு இறக்கச் சொன்னேன். பள்ளத்திலிருந்து தண்ணீர் வடிய ஒரு சின்ன வாய்க்கால் வெட்டிவிட்டோம்.

நீங்களும் வெட்டுவதானால் அயலில் கேட்டுவிட்டு வெட்டுங்கள். இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயமாக இருந்து விடுபட்ட காணியென்றால் மண்வெட்டியே எடுக்காதீர்கள், வெடிக்காத கண்ணிவெடி கிடக்கலாம். துருப்பிடித்த இரும்பு எதையும் தொடாமல் பொலிஸுக்கோ கிராம சேவகருக்கோ சொல்லுங்கள்.

பெரிய விறாந்தையும் கடைந்த தூண்களும் உள்ள வீடென்றால் மலாயாவில் (இன்றைய மலேசியாவில்) உழைத்த காசா என்று விசாரியுங்கள். வெள்ளைக்காரன் காலத்தில் அங்கே ரயில்வேயிலும் அரச கந்தோர்களிலும் கிளாக்கராக இருந்து பென்சனோடு வந்தவர்கள் கட்டிய வீடுகள் பல உண்டு. அடுத்ததாக, யாருடைய சீதனம் என்று கேளுங்கள். இங்கே வீடு பெரும்பாலும் பெண் வழியில் போகும். அந்த ஒரு கேள்வியில் மூன்று தலைமுறைப் பெண்களின் பெயர் வந்துவிடும்.

பெட்டகத்தில் பழைய கல்வெட்டுகள் கிடக்கும். கல்லில் வெட்டியதல்ல, செத்தவீட்டுக்கு 31ஆம் நாள் அடித்துக் கொடுக்கும் புத்தகம். இறந்த நாளைச் சொல்லும் திதி வெண்பாவும் வம்சாவளியும் அதில் இருக்கும். குப்பையென்று எரித்துவிடாதீர்கள். 1981இல் யாழ் நூலகம் எரிந்த ஊரில் வீட்டுத் தாள்களுக்குத் தனி மதிப்பு. ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுங்கள். நூலகம் என்ற இணைய நூலகம் இப்படிப்பட்டவற்றையும் மின்பிரதியாக்கிச் சேர்க்கிறது.

காணி உறுதிப் பத்திரத்தையும் ஒருமுறை எடுத்து வாசியுங்கள். சீதனம், முதுசம் (பரம்பரைச் சொத்து) என்று சொத்தைப் பிரிக்கும் யாழ்ப்பாணத்து வழக்கச் சட்டமான தேசவழமையை ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் தொகுத்தார்கள், திருத்தங்களோடு இன்றும் அது நடைமுறையில் இருக்கிறது. வீடு பார்ப்பவர் எவ்வளவு நல்லவரானாலும், அவர் உங்கள் அனுமதியோடு இருக்கிறார் என்று எழுத்தில் வையுங்கள். உரிமையாளரின் அனுமதியில்லாமல் 10 வருடம் தன்னுடையதுபோல் ஆண்டு வந்தவர் (எதிரிடையான ஆட்சி) உரித்துக் கோரலாம். எங்கள் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் மாமியிடம் இதைக் கேட்க எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. அவவே உறுதி எழுதும் ஒரு நொத்தாரிசைப் பார்த்து வைத்திருந்தா.

வெளிக்கிடும் நாளில் வாளி, தொட்டியெல்லாம் கவிழ்த்து, கிணற்றுக்கு வலை போட்டு, மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். தலைவாசல் திறப்புக்கு (சாவிக்கு) முதல் வாரமே ஒரு பிரதி வெட்டக் கொடுங்கள். ஒரு சாண் நீள இரும்புத் திறப்போடு நான் கடைசி நாளில் அலைந்ததில் கொழும்பு பஸ்ஸைத் தவறவிட்டேன்.