பெட்டியோடு எறிந்துவிடும் காகிதம்: திறந்த மூல உரிமத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹட்டனில் சிறிய இலத்திரனியல் திருத்தும் கடை ஒன்றை நடத்துகிறேன். புதிதாக ரவுட்டரோ தொலைக்காட்சிப் பெட்டியோ வாங்குபவர்கள் பொருத்தித் தரச் சொல்லி நேராக இங்கே கொண்டுவருவார்கள். கருவியும் வயரும் கைக்கு வரும். மற்றதெல்லாம் குப்பைக்குப் போகும். அந்தக் குப்பையில் பொடி எழுத்தில் அச்சடித்து எட்டாக மடித்த ஒரு காகிதம் கிடக்கும். அதை எடுத்து நீவி, ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்து வருகிறேன். இந்தக் கருவிக்குள் ஜி.பி.எல். உரிமத்தின் கீழ் வரும் மென்பொருள் இருக்கிறது, எழுதிக் கேட்டால் அதன் மூல நிரலைத் தருவோம் என்று அதில் எழுதியிருக்கும். மூல நிரல் என்பது மனிதர் வாசித்து மாற்றக்கூடிய வடிவில் உள்ள மென்பொருள். அதை எவரும் பெற்று, மாற்றி, பகிர அனுமதிப்பதே திறந்த மூல உரிமம். மென்பொருளை விநியோகிப்பவர் மூல நிரலையும் தர வேண்டும் என்று கேட்கும் அத்தகைய உரிமம்தான் ஜி.பி.எல். ஆகவே அந்தக் காகிதம் வாங்கியவருக்குரிய உரிமைச்சீட்டு. அதை வாசிக்காமல் எறிவதுதான் நம் முதல் தவறு.

மலையகத்தில் இருப்பவர்களுக்கு இதன் பெறுமதி கூடுதல். கருவி பழுதானால் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். பஸ்ஸில் அரை நாள் போய்விடும். அங்கேயும் “இது பழைய மாதிரி, புதியது வாங்குங்கள்” என்பார்கள். மூல நிரல் கையில் இருந்தால் பழைய கருவிக்கும் ஆயுள் நீளும். லிங்க்ஸிஸ் டபிள்யூ.ஆர்.டி. 54ஜி என்ற ரவுட்டருக்குள் ஜி.பி.எல். உரிமத்தில் வரும் லினக்ஸ் இயங்குதளம் இருப்பதை 2003இல் சிலர் கண்டுபிடித்து, மூல நிரலைக் கேட்டார்கள். நிறுவனம் வெளியிட்டது. அந்த நிரலை வைத்து 2004இல் தொடங்கியதுதான் ரவுட்டர்களுக்கான திறந்த மூல இயங்குதளமான ஓப்பன்-டபிள்யூ.ஆர்.டி. உற்பத்தியாளர் கைவிட்ட எத்தனையோ ரவுட்டர்களை அதை ஏற்றித்தான் என் மேசையில் எழுப்பியிருக்கிறேன்.

இப்போது நம் பிள்ளைகளே கருவி செய்து விற்கிறார்கள். நானும் தலவாக்கலை நண்பர் ஒருவரும் சிறு தேயிலைத் தோட்டக்காரர்களுக்காகக் கொழுந்து நிறுக்கும் இலத்திரனியல் தராசு ஒன்றைச் செய்தோம். ராஸ்பெரி பை என்ற சிறு கணினிப் பலகை, அதில் லினக்ஸ், அடிப்படைக் கட்டளைகளைத் தரும் பிஸிபொக்ஸ் என்ற ஜி.பி.எல். மென்பொருள், மேலே எங்கள் எடைக்கணக்குச் செயலி. காகிதத்தைப் பெறுபவராக இருந்த நான் அதைக் கொடுக்க வேண்டியவனாக மாறிய பிறகுதான், எங்கெங்கே சறுக்குகிறது என்று தெரிந்தது.

“இணையத்தில் இலவசமாகக் கிடைத்தது, யாருக்கும் சொந்தமில்லை” என்ற நினைப்பு எல்லாத் தவறுக்கும் தாய். திறந்த மூல மென்பொருளுக்கு உரிமையாளர் உண்டு. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரலையும் பதிப்புரிமைக்குள் வைத்திருக்கிறது. எழுதியவர் தன் உரிமையைக் கைவிடவில்லை. நிபந்தனையோடு அனுமதி தந்திருக்கிறார். ஜி.பி.எல். இரண்டாம் பதிப்பின்படி, நிபந்தனையை மீறியவுடன் அந்த அனுமதி தானாகவே முடிந்துவிடும். அதன் பிறகு விற்கும் ஒவ்வொரு பெட்டியும் பதிப்புரிமை மீறல்தான்.

இதற்காக யார் வழக்குப் போடப் போகிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. 2004இல் ஜெர்மனியின் மியூனிக் நீதிமன்றம், லினக்ஸ் நிரலாளர் ஹரால்ட் வெல்ட்டே தொடுத்த வழக்கில் ஜி.பி.எல். செல்லும் என்று தீர்ப்பளித்தது. அமெரிக்காவில் 2009இல் பிஸிபொக்ஸுக்காகப் பதினான்கு நிறுவனங்கள் மீது ஒரே வழக்குத் தொடுக்கப்பட்டது. அதில் வெஸ்டிங்ஹவுஸ் டிஜிட்டல் நிறுவனத்துக்கு எதிராக 2010இல் 90,000 டொலர் இழப்பீடும், கைவசம் இருந்த தொலைக்காட்சிகளை ஒப்படைக்கும்படி உத்தரவும் வந்தன. எங்களைப் போன்ற சிறு பட்டறையைத் தேடி யாரும் வராமல் போகலாம். ஆனால் பிறர் உழைப்பை எடுத்துக்கொண்டு அவர் கேட்ட ஒன்றைச் செய்யாமல் விடுவது, மாட்டிக்கொண்டாலும் மாட்டாவிட்டாலும் தவறுதான்.

அடுத்தது, பொறுப்பைச் சீனத்து விற்பனையாளரின் தலையில் கட்டுவது. மூடிய பெட்டியை அப்படியே கைமாற்றும் கடைக்காரரின் நிலை வேறு. பலகையை இறக்குமதி செய்து, மென்பொருளை ஏற்றி, தன் பெயரை ஒட்டி விற்பவரின் நிலை வேறு. அவரே விநியோகிப்பவர், கடமையும் அவருடையது. தனக்கு மேலே இருப்பவர் தந்த வாக்குறுதிக் காகிதத்தை அப்படியே கைமாற்றிவிட்டுப் போகும் சலுகை வணிகமல்லாத விநியோகத்துக்கு மட்டுமே உண்டு. விற்பவர் நிரலைத் தானே தர வேண்டும், அல்லது கேட்டால் தருவதாகத் தன் பெயரிலேயே எழுதிக்கொடுக்க வேண்டும். ஆகவே பலகை வாங்கும்போதே நிரலையும் கேட்டு வாங்குங்கள். தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும்.

நிரலைக் கொடுத்தவர்களும் அரைகுறையாகக் கொடுப்பார்கள். லினக்ஸின் இணையதளத்தைக் காட்டி “அங்கே இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்” என்பது போதாது. கருவியில் ஓடும் அதே பதிப்பு, நாம் செய்த மாற்றங்கள், எந்தெந்தப் பகுதிகள் சேர வேண்டும் என்று சொல்லும் அமைப்புக் கோப்பு, நிரலைக் கருவியில் ஓடும் வடிவுக்குத் தொகுக்கவும் நிறுவவும் பயன்படும் கட்டளைக் கோப்புகள் எல்லாம் சேர்ந்ததுதான் முழு மூல நிரல். அடுப்பு, விறகு எதுவும் இல்லாமல் அரிசியை மட்டும் கொடுத்துச் சோறு தந்தேன் என்று சொல்ல முடியாது.

இதில் நாங்கள் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். தராசு விற்று ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கழித்து, மஸ்கெலியாவில் தராசு வாங்கியவரின் மகள் கடிதம் எழுதினாள். கணினி படிக்கிற பிள்ளை. அப்பாவுக்குக் கண் மங்குகிறது, பெரிய திரை பொருத்த வேண்டும், அதற்குக் லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலில் திரையை இயக்கும் டிரைவர் நிரலை மாற்ற வேண்டும், மூல நிரலை அனுப்புங்கள் என்று கேட்டிருந்தாள். கேட்டால் நிரல் தருவோம் என்று நாங்கள் எழுதிக்கொடுத்த மூன்று ஆண்டு வாக்குறுதி இன்னும் உயிரோடு இருந்தது. நிரல்தான் இல்லை. அந்தச் சித்திரையில் ஒரு பிற்பகல் இடி, கடையின் கணினியை ஹார்ட் டிஸ்க்கோடு எரித்துவிட்டிருந்தது. வேறு பிரதி எடுத்து வைக்கவில்லை. கடைசியில் கடையில் மிஞ்சியிருந்த ஒரு தராசே எங்களைக் காப்பாற்றியது. அதை இயக்கிக் கெர்னலின் பதிப்பு எண்ணைப் பார்த்தோம். அமைப்புக் கோப்பைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும்படி கெர்னல் தொகுக்கப்பட்டிருந்ததால் அதுவும் கிடைத்தது. எங்கள் சொந்த மாற்றங்களை நினைவிலிருந்து திரும்ப எழுதி, தொகுத்து, பழையதைப் போலவே ஓடுகிறதா என்று சோதித்து அனுப்ப ஆறு வாரம் ஆனது. பெட்டி கடையை விட்டுப் போகும் அன்றே நிரலையும் மூட்டை கட்டி, இரண்டு இடத்தில் வையுங்கள். இதைவிட முக்கியமாகச் சொல்ல என்னிடம் எதுவுமில்லை.

எதிர்ப்பக்கத்தில் ஒரு வீண் பயமும் உண்டு: லினக்ஸைத் தொட்டால் நம் செயலி முழுவதையும் திறந்து வைக்க வேண்டும் என்பது. அப்படி இல்லை. கெர்னலிடம் வேலை வாங்கும் வழக்கமான அழைப்புகளை மட்டும் பயன்படுத்தி ஓடும் செயலியை அந்த உரிமம் பிடிக்காது. லினக்ஸின் உரிமக் கோப்பே அதைத் தெளிவாகச் சொல்கிறது. கவனம் தேவைப்படுவது நூலகங்களில், அதாவது செயலிகள் சேர்த்துக்கொள்ளும் ஆயத்த நிரல் தொகுதிகளில். ரீட்லைன் போன்ற ஜி.பி.எல். நூலகத்தைச் செயலியோடு இணைத்தால் அந்த நிபந்தனை செயலிக்கும் வரும். எங்கள் எடைக்கணக்குச் செயலியைத் திறக்கும் கட்டாயம் எங்களுக்கு இருக்கவில்லை. ஆனாலும் திறந்தோம். “தம்பி, ஈரத்துக்கும் கூடைக்கும் கழிக்கும் எடையை இந்தப் பெட்டி எப்படிக் கணக்கிடுகிறது?” என்று ஒரு பெரியவர் கேட்டார். கிலோக் கணக்கில் கூலியும் வருமானமும் தீர்மானமாகும் மண்ணில், அந்தக் கேள்விக்கு மூடிய பெட்டி பதிலாகாது.

எம்.ஐ.டி., பி.எஸ்.டி. என்ற வேறு திறந்த மூல உரிமங்கள் மூல நிரலைக் கேட்பதில்லை. அதனால் எதுவும் செய்ய வேண்டாம் என்று விட்டுவிடுகிறார்கள். பதிப்புரிமை வரியையும் உரிம வாசகத்தையும் கருவியோடு கொடுக்க வேண்டும். அப்பாச்சி உரிமத்தில் ‘நோட்டீஸ்’ கோப்பு இருந்தால் அதையும் சேர்க்க வேண்டும்.

2007இல் வந்த ஜி.பி.எல். மூன்றாம் பதிப்பு இன்னொரு படி மேலே போகிறது. தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பதிவுசெய்யும் டிவோ என்ற கருவியின் நிறுவனம் நிரலைக் கொடுத்தது. ஆனால் மாற்றிய நிரலை ஓடவிடாமல் பூட்டியது. அதனால்தான் வீட்டுப் பாவனைப் பொருட்களில் மாற்றிய நிரலை நிறுவத் தேவையான தகவலையும் சாவியையும் தர வேண்டும் என்ற விதி வந்தது. பூட்டிய கருவி செய்ய நினைப்பவர்கள் எந்த மென்பொருள் எந்தப் பதிப்பில் இருக்கிறது என்று முன்கூட்டியே பாருங்கள். முதல் முறை தவறியவர், அறிவித்தல் கிடைத்த 30 நாட்களுக்குள் திருத்திக்கொண்டால் உரிமை திரும்பவும் கிடைக்கும் என்ற இரக்கமும் அதே பதிப்பில் இருக்கிறது.

கடிதம் வந்த பிறகு எங்கள் வழக்கத்தை மாற்றிக்கொண்டோம். கேட்டால் தருவோம் என்ற வாக்குறுதிக்குப் பதிலாக, மூல நிரலையே ஒரு பென் டிரைவில் போட்டுப் பெட்டிக்குள் வைக்கிறோம். உரிமம் அதை ஏற்கிறது. மூன்று ஆண்டு காத்திருக்கும் சுமையும் இல்லை. கெர்னல் நிரல் மட்டுமே நூறு மெகாபைட்டைத் தாண்டும். சிக்னல் வந்து வந்து போகும் தோட்டத்து லய வீட்டில் இருந்துகொண்டு அதைத் தரவிறக்கச் சொல்வது நியாயமில்லை. ஆங்கில உரிம வாசகத்தை அப்படியே சேர்த்திருக்கிறோம், சட்டப்படி செல்வது அதுதான். கூடவே தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பக்க விளக்கம். பென் டிரைவைச் சுற்றியிருக்கும் தாளில் மூன்று மொழியிலும் பெரிய எழுத்தில் அச்சடித்திருக்கிறோம்: இதை எறிய வேண்டாம்.