வீட்டில் இருக்கும் பர்மா வெற்றிலைப் பெட்டியின் வரலாற்றைக் கண்டறிவது எப்படி?

செட்டிநாட்டு வீடுகளின் சாமான் அறைகளிலும், பர்மாவிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களின் பரண்களிலும், சிவப்புப் பரப்பில் நுணுக்கமான கோட்டுச் சித்திரங்கள் நிறைந்த உருளை வடிவப் பெட்டிகள் இன்றும் அகப்படுகின்றன. இவற்றில் பல, பர்மாவின் பகான் நகரைச் சுற்றியுள்ள கைவினைஞர்கள் செய்த வெற்றிலைப் பெட்டிகள். அப்படி ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால், அது எப்போது, யாருக்காகச் செய்யப்பட்டது, எவ்வாறு உங்கள் வீட்டை அடைந்தது என்பதைப் பெருமளவு நீங்களே கண்டறியலாம்.

முதல் படி: துடைக்காதீர்கள்

பழம்பொருளைக் கண்டதும் ஈரத்துணியும் தேங்காய் எண்ணெயும் எடுப்பது நம் வழக்கம். இங்கே அது கூடாது. உட்தட்டில் வெண்மையாக உறைந்திருக்கும் சுண்ணாம்புக் கறையும் பாக்குத் துகளும், பெட்டி அலங்காரத்துக்கு வைக்கப்படாமல் உண்மையில் புழங்கியது என்பதற்கான சான்றுகள். உலர்ந்த மென்மையான தூரிகையால் தூசியை மட்டும் தட்டிவிடுங்கள். சிவப்புக்குப் பாதரசக் கனிமமான சாதிலிங்கமும், மஞ்சளுக்கும் பச்சைக்கும் ஆர்செனிக் கனிமமான அரிதாரமும் பயன்பட்டிருக்கக்கூடும். இரண்டும் நச்சுப் பொருள்கள் என்பதால் வண்ணத்தைச் சுரண்டாதீர்கள், கையாண்ட பின் கைகளைக் கழுவுங்கள்.

இரண்டாம் படி: பகுதி பகுதியாகப் படமெடுங்கள்

மூடி, உடல், உட்தட்டுகள், அடிப்பாகம் ஆகியவற்றைத் தனித்தனியே, அருகில் ஓர் அளவுகோலை வைத்துப் படமெடுங்கள். பின்னர் அறையை இருட்டாக்கி, டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் பாய்ச்சி மீண்டும் ஒருமுறை எடுங்கள். நேர் வெளிச்சத்தில் தென்படாத எழுத்துக் கீறல்கள் இந்தச் சாய்ந்த ஒளியில் எழும்பித் தெரியும்.

மூன்றாம் படி: எதனால் ஆனது என்று பாருங்கள்

பர்மிய வெற்றிலைப் பெட்டியில் ஆழமான மூடி உடலின் பெரும்பகுதியை மூடியவாறு இறங்கும். உள்ளே ஒன்றோ இரண்டோ தட்டுகள் இருக்கும். வெற்றிலை அடியிலும், பாக்கும் சுண்ணாம்பும் தட்டுகளிலும் இடம்பெறும். பூச்சு உதிர்ந்த விளிம்பை உருப்பெருக்கியால் பார்த்தால் மூங்கில் பட்டைகளின் சுற்றோ பின்னலோ புலப்படும். மிக உயர்ந்த வகைகளில் மூங்கிலோடு குதிரை மயிரையும் சேர்த்துப் பின்னியிருப்பார்கள். அதன்மேல் பூசப்படும் கறுப்பு அரக்கு, தித்சி என்னும் மரத்தின் பால். ஆந்திரத்தின் எட்டிகொப்பாகா, கர்நாடகத்தின் சென்னபட்டணம் ஆகிய ஊர்களில் கடைந்த மரத்தின்மேல் ஏற்றப்படும் அரக்கோ பூச்சியிலிருந்து கிடைப்பது. ஆகவே மூங்கிலுக்குப் பதில் கடைந்த மரம் தென்பட்டால் உங்கள் தேடலை வேறு திசையில் தொடங்க வேண்டியிருக்கலாம்.

நான்காம் படி: எழுத்தையும் ஆண்டையும் படியுங்கள்

அதிகப் பொறுமை வேண்டுவதும் அதிகப் பலன் தருவதும் இந்தப் படிதான். அடிப்பாகத்திலோ, பக்கவாட்டுச் சித்திரப் பட்டையின் நடுவிலோ, வட்ட வட்டமான பர்மிய எழுத்துகளில் செய்தவர் பெயரோ, உரியவர் பெயரோ, சில வேளைகளில் ஆண்டோ பொறிக்கப்பட்டிருக்கும். சயா என்ற அடைமொழி ஆசானைக் குறிக்கும். மவுங், கோ, ஊ என்பவை ஆண்களின் பெயருக்கு முன்னும், மா, டோ என்பவை பெண்களின் பெயருக்கு முன்னும் வரும்.

பர்மிய ஆண்டுடன் 638ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். ஜனவரி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரையான நாளாயின் 639ஐக் கூட்ட வேண்டும். பெட்டியில் 1278 என்றிருந்தால் அது 1916ஆம் ஆண்டை ஒட்டியது. 12 என்று தொடங்கும் எந்த ஆண்டும் 1838க்கும் 1938க்கும் இடைப்பட்டதாகவே இருக்கும். எழுத்தைப் படிக்கச் செயலிகளை மட்டும் நம்பாதீர்கள். கையால் கீறிய எழுத்தில் அவை எளிதில் தடுமாறும். வியாசர்பாடியிலும் பிற ஊர்களின் பர்மா காலனிகளிலும் வாழும் மூத்தவர்களிடையே பர்மிய மொழி படிக்கத் தெரிந்தவரைத் தேடிப் படங்களைக் காட்டுங்கள்.

ஐந்தாம் படி: சித்திரங்களைக் கவனியுங்கள்

புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதைக் காட்சிகளும் கிழமைகளுக்குரிய விலங்குகளும் மிகுதியாக வரும். ஞாயிறுக்குக் கருடன், திங்களுக்குப் புலி, செவ்வாய்க்குச் சிங்கம், சனிக்கு நாகம் என்பது பர்மிய மரபு. புதன் மட்டும் இரண்டாகப் பிரிந்து, முற்பகலுக்குக் கொம்புள்ள யானையும் பிற்பகலுக்குக் கொம்பில்லாத யானையும் உரியன. சித்திரத்தை மட்டும் வைத்துக் காலத்தைக் கணிக்காதீர்கள், ஏனெனில் அதே வடிவங்கள் தலைமுறை தலைமுறையாக வரையப்பட்டு வருகின்றன.

ஆறாம் படி: வீட்டு மனிதர்களையும் ஏடுகளையும் நாடுங்கள்

பெட்டியில் தமிழ் எழுத்துகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். நகரத்தார் தம் பாத்திரங்களிலும் சாமான்களிலும் குடும்பத்தின் விலாசத்தை, அதாவது முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளை, பொறிப்பது வழக்கம். அதே விலாசத்தைப் பழைய கடைக் கணக்கேடுகளிலும், கடித உறைகளிலும், திருமணச் சீர்ப் பட்டியல்களிலும் தேடினால், பர்மாவில் கடையை நடத்திய மேலாளாகவோ, அவருக்கு உதவிய அடுத்தாளாகவோ இருந்து பெட்டியைக் கொண்டுவந்தவர் யார் என்பது தெரியவரக்கூடும். வீட்டுப் பெரியவர்களிடம் “இது எவ்வளவு பழையது?” என்று கேட்பதைவிட, “ஆச்சி காலத்தில் இது எந்த அறையில் இருந்தது, யார் எடுத்துப் புழங்குவார்கள்?” என்று கேளுங்கள்; இடத்தையும் ஆளையும் கேட்டால் நினைவு தானாக வரும்.

கிடைத்த விவரங்களைப் பொதுவரலாற்றோடு பொருத்துங்கள். 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. அதன்பின் பெருந்திரளானோர் அரக்கான், அசாம் வழியாக நடந்தே வந்தனர். கையில் கொண்டுவர முடிந்ததெல்லாம் மிகக் குறைவு. ஆகவே பெரிய பெட்டியாக இருந்தால், அதற்கு முன்பே கப்பலில் வந்திருக்கும் வாய்ப்பு அதிகம். 1964இல் கடைகள் அரசுடைமையான பிறகு வந்த குடும்பங்களுக்கோ, எதைக் கொண்டுவரலாம் என்பதில் கடுமையான கட்டுப்பாடுகள் இருந்தன.

ஏழாம் படி: ஒப்பிட்டு, எழுதி வையுங்கள்

பிரிட்டிஷ் மியூசியத்தின் இணையத் தொகுப்பில் பர்மிய அரக்குப் பொருள்கள் ஏராளமாக உள்ளன; வடிவம், எழுத்து அமைந்த இடம், வண்ணம் ஆகியவற்றை அவற்றோடு ஒப்பிடுங்கள். பிறகு ஒரு தாளில், கண்ணால் கண்டதையும், பிறர் சொன்னதையும், நீங்கள் ஊகித்ததையும் தனித்தனியாக எழுதி, சொன்னவர் பெயரையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். தாளைப் பெட்டியில் ஒட்டாமல் ஓர் உறையிலிட்டு உட்தட்டில் வையுங்கள். வெயில் படாத, மிகையான வறட்சியோ ஈரமோ இல்லாத அலமாரியே பெட்டிக்கு ஏற்ற இடம். மூங்கில் சுருங்கினால் அரக்கு வெடிக்கும்.