ஆபரேஷன் தேதி குறிச்சாச்சு, சுகர் மட்டும் இறங்கவில்லையா? நடக்க ஆரம்பியுங்கள்

தேதி குறித்துவிட்டார்கள், அதற்குள் சுகரைக் கட்டுக்குள் கொண்டுவரவும் சொல்லிவிட்டார்கள், கையில் இருப்பதோ மூன்று நாலு வாரம். இதற்குள் உடற்பயிற்சி என்ன பெரிதாகச் செய்துவிடும் என்று விட்டுவிடாதீர்கள். இரண்டு மூன்று மாதச் சுகர் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை அளவு அதற்குள் முழுதாக இறங்காது, சரி. ஆனால் அன்றாட சுகர் இறங்கும். புண் ஆறுவதற்கும் கிருமித்தொற்றைத் தவிர்ப்பதற்கும் அதுவும் முக்கியம்.

தசை வேலை செய்யும்போது இன்சுலின் துணை இல்லாமலேயே ரத்தத்திலிருந்து குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். அதற்கப்புறமும் ஒரு நாள், சிலருக்கு இரண்டு நாள்கூட, இன்சுலின் கூடுதலாக வேலை செய்யும். இடையில் தொடர்ந்து 2 நாளுக்கு மேல் விடாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

முதலில் டாக்டரிடம் கேளுங்கள், குறிப்பாக இதயக் கோளாறு, காலில் புண், கண் விழித்திரையில் பாதிப்பு இருந்தால். அவர் சரி என்றால் மூன்று வேளையும் சாப்பிட்ட பிறகு 10, 15 நிமிடம் நடங்கள். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகம் போதும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் நடந்து வாரக் கணக்கைத் தீர்ப்பவர்கள் உண்டு, அது உதவாது. மூச்சு வாங்க வாங்கக் கடுமையாகச் செய்தால் சுகர் கொஞ்ச நேரம் ஏறக்கூடச் செய்யும், பயப்பட வேண்டாம். வாரத்தில் 2 நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது என்று தசைக்கும் வேலை கொடுங்கள். முழங்கால் ஆபரேஷன் என்றால் உட்கார்ந்தபடி கைகளுக்குச் செய்யலாம். நெஞ்சிலோ வயிற்றிலோ ஆபரேஷன் என்றால் மூச்சுப் பயிற்சியையும் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்.

இன்சுலினோ, உடலில் இன்சுலினைக் கூடுதலாகச் சுரக்க வைக்கும் கிளிமெபிரைடு மாதிரி மாத்திரையோ எடுப்பவர்கள் கிளம்பும் முன் சுகர் பார்த்தே ஆக வேண்டும். 90-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் அளவு மாவுச்சத்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள். 250-க்கு மேல் இருந்து, கீட்டோனும் (உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் அமிலப் பொருள், சிறுநீரிலோ ரத்தத்திலோ பார்ப்பார்கள்) இருந்தால் அன்றைக்குப் பயிற்சி கூடாது, டாக்டரை அழையுங்கள். நடுவில் வேர்த்து, கை நடுங்கினால் நின்றுவிடுங்கள். சுகர் 70-க்குக் கீழே என்றால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. பீட்டா பிளாக்கர் (பிரஷருக்கும் இதயத்துக்கும் தரும் ஒருவகை மாத்திரை) எடுப்பவர்களுக்கு சுகர் இறங்கும்போது படபடப்பு தெரியாமல் போகலாம், வேர்வையைக் கவனியுங்கள். நெஞ்சு வலித்தால் நிறுத்திவிட்டு உடனே உதவி கேளுங்கள், வீடு போய்ச் சேர்ந்து பார்க்கலாம் என்று நடக்காதீர்கள். மாலையில் அதிகம் நடந்த நாளில் ராத்திரி சுகர் இறங்கலாம், படுக்கும் முன்னும் ஒரு தடவை பாருங்கள்.

பாதத்தைத் தினமும் பாருங்கள். புது ஷூ கடித்து வந்த கொப்புளம் புண்ணானால் அதற்காகவே ஆபரேஷன் தள்ளிப்போகலாம்.

கடைசி நாட்களில் மாத்திரை மாற்றம் வரும். சிறுநீர் வழியாகச் சுகரை வெளியேற்றும் எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளைப் பொதுவாக 3 நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். வெறும் வயிற்றில் இருக்கச் சொன்ன நேரத்தில் நடையும் வேண்டாம். நடந்த நேரம், முன்னும் பின்னும் பார்த்த சுகர் அளவு எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி மயக்க மருந்து டாக்டரிடம் காட்டுங்கள், ஆபரேஷன் அன்றைக்கு எவ்வளவு இன்சுலின் தேவைப்படும் என்று கணிக்க அது அவருக்கு உதவும்.