ரோகுவுக்கு ஹார்மோன் ஊசி: சினையும் பசியும் சேர்ந்து இயங்கும் விதம், படிப்படியாக

குளத்தில் வளரும் ரோகு கெண்டை மீன் சினை பிடிக்கும். கோடையில் வயிறு உப்ப ஆரம்பிக்கும். ஆனால் எவ்வளவு நாள் காத்திருந்தாலும் முட்டையை வெளியே விடாது. பருவம் தாண்டினால் அந்த முட்டையை உடம்பே கரைத்து உள்ளே இழுத்துக்கொள்ளும். கங்கைச் சமவெளி ஆறுகளில் மழை வெள்ளத்தோடு முட்டையிட்டுப் பழகிய மீன் அது. தேங்கிய குளத்தில் அந்த வெள்ளமும் இல்லை, புதுத்தண்ணீர் ஓட்டமும் இல்லை.

1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில் மீனியல் விஞ்ஞானிகள் ஹீராலால் சௌத்ரியும் கே.எச். அலிகுன்ஹியும் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி என்ற சுரப்பியின் சாற்றை ஊசியாகப் போட்டுப் பெருங்கெண்டை மீன்களை முட்டையிட வைத்தார்கள். அந்த நாள்தான் இன்று தேசிய மீன் விவசாயிகள் தினம். அதற்கு முன்பு கெண்டைக் குஞ்சு வேண்டுமென்றால் பெரும்பாலும் வெள்ளக் காலத்தில் ஆற்றில் வலை கட்டி, நல்ல மீனும் வேண்டாத மீனும் கலந்து வருவதைப் பிடித்துத்தான் ஆக வேண்டியிருந்தது.

பொரிப்பகம் தொடங்குகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "கிலோவுக்கு எத்தனை மி.லி. போடணும்?" என்றுதான். அதற்கான பதில் கீழே இருக்கிறது. அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: இந்த மீன் பிப்ரவரியிலிருந்து என்ன சாப்பிட்டது? ஊசி பார்ப்பது கடைசி ஒரு ராத்திரி வேலை. முட்டை உருவாவது மாதக்கணக்கில் உள்ளே போன தீவனத்தால்.

படி 1: உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

மீனின் மூளையில் ஹைப்போதாலமஸ் என்ற பகுதி இருக்கிறது. பகல் நேரம், வெப்பம், மழை, உடம்பில் இருக்கும் சத்து ஆகிய செய்திகள் எல்லாம் அங்கே வந்து சேர்கின்றன. அங்கிருந்து ஜிஎன்ஆர்எச் என்ற ஹார்மோன் பிட்யூட்டரிக்குப் போகிறது. நமக்கு இது ரத்தக்குழாய் வழியாகப் போகும். ரோகு போன்ற எலும்பு மீன்களில் நரம்பு இழைகளே நேராகப் பிட்யூட்டரிக்குள் இறங்கியிருக்கும்.

பிட்யூட்டரி இரண்டு ஹார்மோன்களைச் சுரக்கிறது. எஃப்எஸ்எச் முதல் கட்டத்துக்கு, எல்எச் கடைசிக் கட்டத்துக்கு. முதல் கட்டத்தில் சினைப்பையிலிருந்து எஸ்ட்ராடையால் என்ற ஹார்மோன் சுரந்து கல்லீரலுக்குப் போகும். கல்லீரல் விட்டெல்லோஜெனின் என்ற புரதத்தைத் தயாரித்து ரத்தத்தில் விடும். முட்டைகள் அதை உறிஞ்சி மஞ்சள் கருவாகச் சேர்த்துக்கொள்ளும். வயிறு உப்புவது இதனால்தான். இந்தக் கட்டம் குளத்திலேயே ஒழுங்காக நடந்து முடிந்துவிடுகிறது.

நின்றுபோவது அடுத்த கட்டம். எல்எச் சட்டென்று வேகமாக ஏற வேண்டும். அப்போதுதான் சினைப்பை முதிர்வு ஹார்மோனைச் சுரக்கும், முட்டைக்குள் உட்கரு முழுதாக ஓரத்துக்கு நகர்ந்து முடியும், முட்டை உறையை விட்டுக் கழன்று வரும். கெண்டை இனத்தில் மூளையிலிருந்து வரும் டோபமைன் என்ற வேதிப்பொருள் இதைத் தடுத்து நிறுத்துகிறது. ஜிஎன்ஆர்எச் ஆக்சிலரேட்டர் என்றால் டோபமைன் பிரேக். ஆற்று வெள்ளம் வராதவரை பிரேக்கிலிருந்து கால் எடுபடாது.

இதைக் கண்டுபிடித்து வேலைக்கு ஆகும்படி செய்தவர்கள் கனடாவின் ரிச்சர்ட் பீட்டரும் சீனாவின் லின் ஹாவ்ரானும். ஜிஎன்ஆர்எச் போன்ற செயற்கை ஹார்மோனையும் டோபமைனைத் தடுக்கும் மருந்தையும் சேர்த்துப் போடும் இந்த முறைக்கு இருவர் பெயரையும் இணைத்து லின்பே முறை என்று பெயர். ஓவாப்ரிம் என்ற ஊசி மருந்து இந்த வழியில் வந்ததுதான். அதில் டோபமைனைத் தடுக்கும் டோம்பெரிடோன் நாம் வாந்திக்குப் போடும் மாத்திரையிலும் இருக்கிறது.

படி 2: பிப்ரவரியிலேயே தீவனத்தைத் தொடங்குங்கள்

இரண்டு வயது தாண்டிய, காயம் இல்லாத மீன்களைத் தனிக் குளத்தில் விடுங்கள். ஹெக்டேருக்கு 1,000 முதல் 2,000 கிலோ வரை போதும். தவிடும் கடலைப் பிண்ணாக்கும் சம அளவு கலந்து கொடுப்பது பழைய வழக்கம். முடிந்தால் 30 சதவீதம் வரை புரதம் இருக்கும் தீவனமாகப் பாருங்கள், கொஞ்சம் மீன் எண்ணெய்யும் சேருங்கள். விட்டெல்லோஜெனினுக்குப் புரதமும் கொழுப்பும் இங்கிருந்துதான் வர வேண்டும்.

தினமும் உடல் எடையில் 2 அல்லது 3 சதவீதத்தில் தொடங்கி, பருவம் நெருங்க நெருங்க 1 சதவீதத்துக்குக் குறைத்துவிடுங்கள். பாசம் மிகுந்து அள்ளிக் கொட்டினால் குடலைச் சுற்றிக் கொழுப்பு படியும். அப்படிப்பட்ட மீன் பார்க்கச் சினை மீன் போலவே இருக்கும், ஊசிக்குச் சரியாக இறங்காது.

படி 3: பசியைக் கவனியுங்கள்

புத்தகங்களில் பசிக்கு ஒரு பாடம், இனப்பெருக்கத்துக்கு ஒரு பாடம் என்று பிரித்துப் போட்டிருப்பார்கள். மீனின் மூளையில் அந்தப் பிரிவு இல்லை. இரண்டையும் ஒரே ஹைப்போதாலமஸ்தான் கவனிக்கிறது, பல ஹார்மோன்கள் இரண்டு வேலையும் பார்க்கின்றன.

ரோகு சேர்ந்த அதே கெண்டைக் குடும்பத்துத் தங்கமீனில் இதை நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். என்பிஒய் என்ற மூளைச் செய்தியாளர் பசியைக் கிளப்பும். அதே என்பிஒய் எல்எச் சுரப்பையும் கூட்டும். குடலிலிருந்து வரும் கிரெலின் என்ற ஹார்மோனும் அப்படியே, சாப்பிடவும் வைக்கும், எல்எச்சையும் தூண்டும். (கெண்டை இனத்துக்கு இரைப்பையே கிடையாது, குடலின் முன்பகுதிதான் அந்த வேலையைச் செய்கிறது.) சாப்பிட்டு முடிந்ததும் குடலிலிருந்து சிசிகே என்ற ஹார்மோன் கிளம்பி 'போதும்' என்று சொல்லும். பசியைக் குறைக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் நமக்குக் கொழுப்புத் திசுவிலிருந்து வருகிறது, மீனில் பெரும்பாலும் கல்லீரலிலிருந்து.

அதாவது, உடம்புக்குள் சத்து வருகிறது என்ற செய்தி போனால்தான் இனப்பெருக்க வரிசை நகரும். பட்டினி கிடந்த மீனில் சினை பாதியில் நிற்பதற்குக் காரணம் இதுதான்.

கடைசி நேரத்தில் கதை திரும்பிவிடும். தங்கமீனின் மூளையில் ஜிஎன்ஆர்எச்சைச் செலுத்தினால் அது சாப்பிடுவதைக் குறைத்துக்கொள்கிறது. முட்டையிடும் வேளையில் இரை தேடிக்கொண்டிருப்பது மீனுக்குக் கட்டுப்படியாகாது. இயற்கையில் இதற்கு உதாரணம் தேட வேண்டியதே இல்லை. கடலிலிருந்து ஆறேறி வரும் சால்மன் இரையெடுப்பதை நிறுத்திவிடுகிறது. நம்மூர் ஏரிகளில் பெருகிக் கிடக்கும் ஜிலேபி மீனின் தாய், முட்டையை வாயில் வைத்து அடைகாக்கும் நாட்களில் அநேகமாகப் பட்டினிதான்.

ஆகவே பருவம் நெருங்கும்போது சினை மீன்கள் தீவனத்தட்டுக்கு வருவது குறைந்தால் உடனே நோய் என்று மருந்து ஊற்றாதீர்கள். முதலில் ஒரு மீனைப் பிடித்து வயிற்றைப் பாருங்கள். அதேபோல் தட்டில் மீந்ததை மறுநாள் கணக்கில் கழித்துவிடுங்கள். மீந்த தீவனம் அழுகினால் தண்ணீர் கெடும்.

படி 4: தயாரான மீனைத் தேர்ந்தெடுங்கள்

ஆணைக் கண்டுபிடிக்கக் கட்டைவிரல் போதும். மார்புத் துடுப்பின் மேல்பக்கத்தை வருடுங்கள். ஆணுக்கு உப்புத்தாள் போல் சொரசொரப்பாக இருக்கும், பெண்ணுக்கு வழவழப்பாக இருக்கும். ஆணின் அடிவயிற்றை லேசாக அழுத்தினால் வெள்ளையாகப் பால் வர வேண்டும். பெண்ணுக்கு வயிறு மெத்தென்று இருக்கும், புழை சற்றுத் தடித்துச் சிவந்திருக்கும்.

சந்தேகம் இருந்தால் மெல்லிய குழாயால் சில முட்டைகளை எடுத்து, ஆல்கஹால், ஃபார்மலின், அசிட்டிக் அமிலம் மூன்றையும் 6:3:1 விகிதத்தில் கலந்த கரைசலில் போடுங்கள். சில நிமிடங்களில் முட்டை தெளிந்து உள்ளே உட்கரு புள்ளியாகத் தெரியும். பெரும்பாலான முட்டைகளில் அது நடுவை விட்டு ஓரத்துக்கு நகரத் தொடங்கியிருந்தால் ஊசிக்கு ஏற்ற நேரம். நட்ட நடுவில் இருந்தால் மீனைத் திரும்பக் குளத்தில் விட்டுவிடுங்கள். இந்தச் சோதனையைச் செய்யச் சோம்பல்படவே கூடாது என்பது என் கருத்து. தயாராகாத மீனுக்கு ஊசி போட்டால் மருந்தும் வீண், மீனும் அடிபடும்.

ஒரு பெண்ணுக்கு இரண்டு ஆண், எடையில் ஏறக்குறைய சமமாக வருமாறு சேருங்கள். ஊசிக்கு முந்தின நாள் தீவனம் வேண்டாம்.

படி 5: அளவைக் கணக்கிடுங்கள்

ஓவாப்ரிம் என்றால் பெண் ரோகுவுக்குக் கிலோவுக்கு 0.3 முதல் 0.4 மி.லி., கட்லாவுக்கு 0.4 முதல் 0.5, மிர்காலுக்கு 0.25 முதல் 0.3. ஆண்களுக்கு 0.1 முதல் 0.2. எல்லாம் ஒரே ஊசி. வேறு தயாரிப்பு என்றால் அதன் சீட்டில் இருப்பதைப் பின்பற்றுங்கள்.

2 கிலோ பெண் ரோகுவுக்கு 0.35 வீதம் போட்டால் 0.7 மி.லி. ஆகிறது. ஒரு மி.லி.யில் இருப்பது 20 மைக்ரோகிராம் ஹார்மோனும் 10 மி.கி. டோம்பெரிடோனும். அப்படியானால் அந்த மீனுக்குள் போகும் ஹார்மோன் வெறும் 14 மைக்ரோகிராம். இவ்வளவு சிறிய அளவு இரண்டு கிலோ மீனை முட்டையிட வைக்கிறது என்றால், மிச்ச வேலையை மீனின் சொந்தப் பிட்யூட்டரி செய்கிறது என்று அர்த்தம்.

பழைய முறையில் இன்னொரு மீனின் பிட்யூட்டரியை அரைத்துப் போடுவார்கள். பெண்ணுக்குக் கிலோவுக்கு முதலில் 2 முதல் 3 மி.கி., ஆறு மணி நேரம் கழித்து 5 முதல் 8 மி.கி. அதில் எல்எச் வெளியிலிருந்தே வந்துவிடும். இரண்டு முறை பிடித்துக் குத்துவதால் மீன் களைத்துப்போகும். புதியவர்களுக்கு ஒற்றை ஊசிதான் நல்லது.

படி 6: ஊசி போடுங்கள்

சாயங்காலம் வெயில் தணிந்ததும் தொடங்குங்கள். மீனை ஈரத்துணியில் சுற்றி, ஈரமான ஸ்பாஞ்சு மேல் படுக்க வையுங்கள். தலையை மூடினால் துள்ளாது. முதுகுத் துடுப்புக்கும் பக்கக் கோட்டுக்கும் (உடலின் பக்கவாட்டில் ஓடும் உணர்வுக் கோடு) நடுவில், வால் பக்கம் தள்ளி, ஒரு செதிலை ஊசி முனையால் லேசாகத் தூக்கி 45 டிகிரி சாய்வில் தசைக்குள் செலுத்துங்கள். பக்கக் கோட்டின் மேல் குத்தாதீர்கள். மருந்தை மெதுவாக விட்டு, ஊசியை எடுத்ததும் அந்த இடத்தை விரலால் சற்று அழுத்துங்கள், இல்லையென்றால் மருந்து வழிந்துவிடும்.

பிறகு சீன வகை வட்டத் தொட்டியில் விட்டு நீரோட்டமும் பூந்தூவலும் கொடுங்கள். தொட்டி இல்லாவிட்டால் குளத்தில் கட்டிய ஹாப்பா (வலைத்துணியால் ஆன பெட்டி) போதும்: சுமார் 3 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழம். தண்ணீர் 26 முதல் 30 டிகிரி செல்சியஸ் இருக்கட்டும்.

படி 7: விடியும் வரை தொந்தரவு வேண்டாம்

8 முதல் 14 மணி நேரத்துக்குள் ஆண்கள் பெண்ணைத் துரத்தும், தண்ணீர் கலங்கும், முட்டை விழும். டார்ச் அடித்து அடித்துப் பார்க்காதீர்கள். காலையில் முட்டைகள் தண்ணீர் குடித்து உப்பிக் கண்ணாடி மணி போல் இருக்கும். வெள்ளையாக மங்கியவை கருவுறாதவை, அவற்றின் விகிதத்தைக் குறித்துவையுங்கள். முட்டைகளைப் பொரிப்புத் தொட்டிக்கு மாற்றினால் 14 முதல் 20 மணி நேரத்தில் பொரியும்.

படி 8: தாய் மீனுக்கும் குஞ்சுக்கும் பசி திரும்பும்போது

முட்டையிட்ட மீன்களைத் தனியே நல்ல தண்ணீரில் விடுங்கள். ஊசி போட்ட மீனைச் சந்தைக்கு அனுப்ப வேண்டாம். முதலில் கொஞ்சமாகத் தீவனம் போட்டு, அது சாப்பிடும் வேகத்தைப் பார்த்துக் கூட்டுங்கள். நன்றாகத் தேறினால் இரண்டு மாதம் போல கழித்து அதே பருவத்தில் இன்னொரு முறை முட்டையிட வைக்கலாம். அப்போதும் உட்கருச் சோதனை கட்டாயம்.

குஞ்சுகளுக்கு முதல் மூன்று நாள் எதுவும் போடாதீர்கள். வயிற்றில் தாய் கொடுத்த மஞ்சள் கரு இருக்கிறது. அது கரைந்து வாய் திறந்து நீந்தத் தொடங்கியதும், நுண்ணுயிர் மிதவைகள் பெருகிய நாற்றங்கால் குளத்துக்கு மாற்றுங்கள். அந்தக் குளத்தைக் குஞ்சு பொரிந்த பிறகு தயார் செய்ய நேரம் போதாது; ஊசி போடும் வாரத்துக்கு முன்பே சாணமும் சுண்ணாம்பும் இட்டுத் தயாராக வைத்திருங்கள்.