வளாகக் குளிரூட்டல் துறைக்கு வரும் பொறியியலாளர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல்கலைக்கழகம், மருத்துவமனை போன்ற வளாகங்களின் மின்சக்தியையும் குளிரூட்டலையும் சீர்ப்படுத்தும் வேலைக்கு வரும் இளம் பொறியியலாளர் செய்யும் முதற்பிழை, கட்டடத்தைப் பார்ப்பதற்கு முன்பே இயந்திரத்தைத் தெரிவுசெய்துவிடுவதாகும். கூரையில் சூரியகலத் தகடுகள், அறைகளில் இன்வேட்டர் ஏசி என்று அறிக்கை தயாராகிவிடும். அந்த வளாகம் ஞாயிறு அதிகாலை 2 மணிக்கு எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று கேட்டால் விடை இராது. ஆளில்லாத அந்த நேரத்து அளவீடுதான் பூட்டிய அறையில் ஓடும் ஏசியையும், எவரும் நிறுத்த நினைக்காத நீர்ப்பம்பியையும் காட்டிக்கொடுக்கும். இலங்கையில் பெருமளவு மின்பாவனையாளர்களிடம் அலகுக் கட்டணத்தோடு மாதத்தின் உச்சக் கேள்விக்கும், அதாவது ஒரே வேளையில் இழுக்கப்பட்ட மிகக்கூடிய மின்வலுவுக்கும், கேவிஏ என்ற மின்வலு அலகின் கணக்கில் தனிக் கட்டணம் அறவிடப்படுவதால், ஒரு திங்கட்கிழமை காலை எல்லா ஏசிகளும் ஒரே நேரத்தில் போடப்படுவதே அந்த மாதப் பட்டியலை உயர்த்தப் போதுமானது.

யாழ்ப்பாணத்தில் நான் அதிகம் கண்ட தவறு, ஏசியின் கொள்ளளவைச் சதுர அடியைக் கொண்டு தீர்மானித்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு படி கூட்டிப் போடுவது. அமர்ந்திருக்கும் ஒருவரின் உடல் ஏறத்தாழ 100 வாற்று வெப்பத்தை வெளிவிடுகிறது. 100 மாணவர் நிறைந்த விரிவுரை மண்டபத்தில் ஆட்களின் வெப்பம் மட்டுமே 10 கிலோவாற்று, அதாவது ஏசியின் கொள்ளளவை அளக்கும் தொன் என்ற அலகில் 3 தொன்னுக்குச் சற்றுக் குறைந்த குளிரூட்டல். அதே மண்டபத்தில் பத்துப் பேர் இருக்கும்போது தேவை முற்றிலும் வேறு. அளவுக்கு மிஞ்சிய இயந்திரம் சில நிமிடங்களில் வெப்பநிலையை இறக்கிவிட்டு நின்றுவிடும். காற்றிலுள்ள ஈரம் குளிர்ச்சுருளிற் படிந்து வடிந்து வெளியேறுவதற்கோ நேரம் வேண்டும்; அமுக்கி (கம்பிரசர்) நின்றபின் விசிறி மட்டும் சுழன்றால், சுருளில் ஒட்டியிருந்த நீர் ஆவியாகி மீண்டும் அறைக்குள்ளேயே வந்துசேரும். கடல் சூழ்ந்த குடாநாட்டில் இதன் விளைவு, குளிர்ந்தும் பிசுபிசுக்கும் அறை. அசௌகரியப்பட்டவர் 26 பாகையை 18 ஆக்குவார், புத்தகங்களில் பூஞ்சணம் பிடிக்கும். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கணினி ஆய்வுகூடத்துக்கு நானும் இப்படித்தான் கணக்குப் போட்டேன். உள்ளே மாணவர்கள் சுவெற்றர் அணிந்திருக்க, யன்னற் கண்ணாடி வெளிப்புறம் வியர்த்துக்கொண்டிருந்தது. ஒரு பெரிய இயந்திரத்துக்குப் பதில் சிறியவை இரண்டு மூன்றும், கூரை விசிறியும் அங்கே போதுமாக இருந்திருக்கும். மேற்குச் சுவரில் வெயில் விழாதபடி ஒரு விறாந்தை இறக்கியிருந்தால் குளிரூட்டல் தேவை அதிலும் குறைந்திருக்கும். நம் பழைய வீடுகளைக் கட்டியவர்களுக்கு இது தெரிந்திருந்தது.

நீரைக் கணக்கில் எடுக்காதது அடுத்த தவறு. பெரிய வளாகத்துக்கு நீர்க்குளிர்விப்புக் கோபுரத்தோடு கூடிய மத்திய தொகுதியே மின்சிக்கனமானது என்று பாடநூல்கள் சொல்வது பொய்யல்ல. ஆனால் அந்தக் கோபுரம் நீரை ஆவியாக்கியே வெப்பத்தைப் போக்குகிறது; ஒரு கிலோவாற்று மணி வெப்பத்தை வெளியேற்ற ஏறத்தாழ ஒன்றரை லீற்றர் நீர் ஆவியாக வேண்டும். 100 தொன் தொகுதி முழு அளவில் ஓடினால் மணிக்கு 600 லீற்றருக்கு மேல் போய்விடும். வழுக்கியாறும் மாரியில் மட்டுமே ஓடும் இந்த மண்ணில், அந்த நீர் சுண்ணக்கற் படுகையில் உவர்நீரின் மேல் மிதக்கும் நன்னீர்ப் படையிலிருந்தே வரவேண்டும். மிகையாக இறைத்தால் கிணறு உவராகும். அந்நீரின் கடினத்தன்மை குழாய்களில் சுண்ணாம்பாகப் படிந்து, மிச்சம்பிடித்த மின்சாரத்தையும் தின்றுவிடும். வேறொரு நாட்டில் வெற்றிபெற்ற வடிவமைப்பை இங்கே கொண்டுவர விரும்புபவர், முதலில் வளாகத்துக் கிணற்று நீரைப் பரிசோதிக்கக் கொடுக்க வேண்டும்.

சூரியகலத்தைப் பற்றி ஒன்றை மட்டும் சொல்லலாம். மின்கலச் சேமிப்பு இல்லாத வழமையான கூரைத்தொகுதி, வலையமைப்பில் மின்சாரம் நின்றால் பாதுகாப்புக்காகத் தானும் நின்றுவிடும். 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை நாடு முழுவதும் மின் தடைப்பட்டது பகல்வேளையில். தகடுகளின் மேல் வெயில் விழுந்தும் அத்தகைய தொகுதிகளால் ஒரு விளக்கையும் எரிக்க இயலவில்லை. இதை நிர்வாகத்துக்கு ஒப்பந்தத்தின் முன்பே எழுத்தில் தெரிவிக்காத பொறியியலாளர், முதல் மின்தடையிலேயே நம்பிக்கையை இழப்பார்.

கணினி மாதிரிகளில் தேர்ந்துவிட்டால் தொழில் கைவந்துவிட்டதாக எண்ணுவதும், கட்டடத்தை ஒப்படைத்தவுடன் அடுத்த திட்டத்துக்குப் போய்விடுவதும் தொழில் வளர்ச்சியையே தடுக்கும். தன் கணிப்பு எவ்வளவு பிழைத்தது என்பதை முதலாண்டின் மின்பட்டியல்களே சொல்லும். அவற்றைப் பார்க்காதவர் பத்தாண்டு வேலை செய்தாலும் அதே கணிப்பையே திரும்பச் செய்வார். கடற்காற்றின் உப்பு ஏசியின் வெளி அலகிலுள்ள அலுமினியத் தகடுகளை எவ்வளவு விரைவில் அரிக்கிறது, எந்த மாதத்தில் தூசி அடைக்கிறது என்பவற்றை எந்த மென்பொருளும் அறியாது. மாதந்தோறும் அதைக் கழுவும் திருத்துநர் அறிவார். அவரோடு கூரைக்கு ஏறும் நாட்களையும் வேலைத்திட்டத்தில் எழுதி, அதற்குரிய சம்பளத்தையும் மதிப்பீட்டில் சேர்க்க வேண்டும்.