விலங்குவழிக் கிருமியைப் பிசிஆரில் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆய்வகத்துக்குப் புதிதாக வருபவர்கள் ஒரே குழியில் வரிசையாக விழுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கையுறை மாற்றுவது, குழாயில் பெயர் ஒட்டுவது போன்றவை எல்லோருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன். எலி கடித்தவர், நாய் நக்கிய புண்ணோடு வந்தவர், ஆட்டுக்குப் பிரசவம் பார்த்தவர் ஆகியோரின் மாதிரிகளில் நடக்கும் தவறுகள் வேறு வகை.

விலங்கைப் பற்றிக் கேட்காதது

மாதிரியில் உள்ள டிஎன்ஏவைப் பலமடங்காக நகலெடுத்துக் கிருமியைக் கண்டறியும் சோதனைதான் பிசிஆர். பாக்டீரியா அனைத்துக்கும் பொதுவான 16எஸ் மரபணுவைத் தேடும் பிசிஆர், மாதிரியில் கிருமி ஓரளவு நிறைய இருந்தால்தான் பலன் தரும். ஒரே கிருமியைக் குறிவைக்கும் பிசிஆர் அதைவிடக் கூர்மையானது. எதைக் குறிவைப்பது என்பதை நோயாளியின் கதைதான் சொல்லும். ஆட்டுப் பிரசவம் என்றால் காக்ஸியெல்லா. பூனைக்கீறலும் வீங்கிய நிணநீர்க்கணுவும் என்றால் பார்டொனெல்லா. மண்ணீரல் அகற்றப்பட்டவரை நாய் கடித்திருந்தால் காப்னோசைட்டோஃபேகா. எலிக்கடிக் காய்ச்சலில், கிருமியை வளர்த்துப் பார்த்துவிட்டு ‘வளர்ப்பில் ஒன்றும் வரவில்லை’ என்று கோப்பை மூடிவிடாதீர்கள். இரத்த வளர்ப்புப் புட்டிகளில் சேர்க்கப்படும் உறைவெதிர்ப்பொருளே அந்தக் காய்ச்சலைத் தரும் ஸ்ட்ரெப்டோபாசில்லஸை வளரவிடாமல் தடுக்கும்.

ஹெப்பாரின் குழாய்

வேண்டாம். ஹெப்பாரின் என்ற உறைவெதிர்ப்பொருள் பிசிஆரைத் தடுக்கும். இரத்தத்தை ஈடிடிஏ என்ற வேறோர் உறைவெதிர்ப்பொருள் உள்ள குழாயில் அனுப்புங்கள்.

பட்டியலின் முதல் வரியை நோயாக எழுதுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். 16எஸ் மரபணுவின் எழுத்து வரிசையைப் படித்துத் தரவுத்தளத்தில் ஒப்பிடுகிறார்கள். மேலே வரும் பெயரை நகலெடுத்து, பக்கத்தில் ‘99 சதவீதம்’ என்று போட்டு, கையெழுத்திட்டு அனுப்பிவிடுகிறார்கள்.

ஓர் ஆய்வகத்திலிருந்து இப்படி ஓர் அறிக்கை வந்தது. நோயாளி கால்நடைகளோடு வாழ்பவர். நீங்காத முதுகுவலி, மாலையில் ஏறும் காய்ச்சல், இரவில் வியர்வை. இரத்தத்தில் வளர்ந்த கிருமி ‘ஆக்ரோபாக்ட்ரம்’ என்றது அறிக்கை. அது மண்ணிலும் நீரிலும் இருப்பது, எப்படியோ மாதிரியில் கலந்திருக்கும் என்று மருத்துவர் ஒதுக்கிவிட்டார். உண்மையில் அது புரூசெல்லா, கால்நடைகளிலிருந்து மனிதருக்குத் தொற்றும் கிருமி. தண்டுவட எலும்பில் நன்றாக வேரூன்றிய பிறகுதான் யாரோ மறுபடி சோதித்தார்கள். அதற்குள் ஆய்வகத்தில் அந்தக் கிருமி வளர்ந்த தட்டைத் திறந்த மேசையில் வைத்து முகர்ந்து பார்த்தவர்களும் இருந்தார்கள். புரூசெல்லா காற்றுத்துளி வழியே தொற்றும். ஆய்வகத் தொற்றுகளில் பெயர்பெற்றது. அவர்கள் டாக்சிசைக்ளினும் ரிஃபாம்பிசினும் மூன்று வாரம் விழுங்க வேண்டியதாயிற்று.

காரணம் எளிது. இனத்தைப் பிரிக்க 98.7 சதவீத ஒற்றுமையை எல்லையாகக் கொள்வது வழக்கம். இந்த இரண்டு கிருமிகளின் 16எஸ் வரிசைகளோ அந்த எல்லையை ஒட்டியே நிற்கின்றன. சுமார் 1,500 எழுத்துகள் கொண்ட மரபணுவில் 400 எழுத்துகளை மட்டும் படித்தால் தெளிவு இன்னும் குறையும். ஆட்டிலிருந்து வரும் புரூசெல்லாவையும் மாட்டிலிருந்து வருவதையும் 16எஸ் பிரிக்கவே பிரிக்காது. ஆந்த்ராக்ஸ் கிருமியும் சாதாரண பாசில்லஸ் சீரியஸும்கூட இப்படித்தான்.

அதனால் இரண்டாவது, மூன்றாவது வரிகளையும் படியுங்கள். அந்த இனத்துக்கு அடையாளமாக வைக்கப்பட்ட மாதிரித் திரிபின் வரிசையோடு ஒப்பிடுங்கள். பொதுத் தரவுத்தளத்தில் தவறான பெயரோடு கிடக்கும் வரிசைகள் ஏராளம். புரூசெல்லாவுக்கு ஐஎஸ்711 என்ற டிஎன்ஏ துண்டு போன்ற தனிக்குறி இருக்கிறது, அதைத் தேடுங்கள். வளர்ப்பு கையில் இருந்தால் பழைய பாடத்தையும் மறக்காதீர்கள்: மனிதருக்கு வரும் புரூசெல்லா நகராது, மெதுவாக வளரும், ஆக்ரோபாக்ட்ரம் நகரும், வேகமாக வளரும். சந்தேகம் தீரும்வரை தட்டு பாதுகாப்புப் பெட்டிக்கு வெளியே வரக் கூடாது.

போதாக்குறைக்கு, 2020-இல் வகைப்பாட்டாளர்கள் ஆக்ரோபாக்ட்ரத்தைப் புரூசெல்லா பேரினத்துக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். இப்போது சாதுவான ‘புரூசெல்லா ஆந்த்ரோபி’க்காக வார்டே பதறுகிறது. அறிக்கையில் பழைய பெயரையும் சேர்த்து எழுதுங்கள். வகைப்பாட்டாளர்கள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

நெகடிவ் கன்ட்ரோலைச் சேமிப்பது

டிஎன்ஏவைப் பிரித்தெடுக்கும் கிட்டிலும் பிசிஆர் நொதியிலும் பாக்டீரிய டிஎன்ஏ துணுக்குகள் ஒட்டியிருக்கும். ரால்ஸ்டோனியா, பிராடிரைசோபியம் என்ற பெயர்கள் வந்தால் முதலில் கிட்டைச் சந்தேகியுங்கள். நெகடிவ் கன்ட்ரோலாக, அதாவது கிருமியே இல்லாத ஒப்பீடாக, வெறும் நீரை, பிரித்தெடுக்கும் படியிலிருந்தே, மாதிரியோடு ஓட்டுங்கள். பிசிஆர் படியில் மட்டும் சேர்ப்பது அரைவேலை.

கடிப்புண்ணின் சீழை நேராகச் சாங்கர் முறைக்கு அனுப்புவது

சாங்கர் முறை ஒரு நேரத்தில் ஒரே டிஎன்ஏ வரிசையைத்தான் தெளிவாகப் படிக்கும். கடிவாயில் பல கிருமிகள் இருக்கும். ஒன்றின்மேல் ஒன்று ஏறிய வரைகோடுதான் கிடைக்கும்.

லெப்டோஸ்பைராவை இரத்தத்தில் மட்டும் தேடுவது

எலிக்காய்ச்சல் கிருமியான இதை நோயின் முதல் வாரம் இரத்தத்தில் தேடுங்கள், பிறகு சிறுநீரில்.

குணமானதைப் பிசிஆரால் அளப்பது

புரூசெல்லா தரும் நோயான புரூசெல்லோசிஸில் சிகிச்சை முடிந்து, காய்ச்சல் போய், எடை ஏறிய பிறகும் இரத்தத்தில் அதன் டிஎன்ஏ மாதக்கணக்கில் தென்படலாம். அதைப் பார்த்து மருந்தை நீட்டுகிறார்கள். நோயாளிக்கு வலி இருக்கிறதா, காய்ச்சல் திரும்பியதா என்று கேளுங்கள்; இல்லை என்றால் அந்தச் சோதனையைத் திரும்பச் செய்யவே வேண்டியதில்லை.