இந்த வேலை இன்னும் நமக்குச் சரிதானா? யோசிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு வேலையில் சேரும்போது ஆயிரம் கேள்வி கேட்கிறோம். சம்பளம் எவ்வளவு, ஷிப்ட் உண்டா, கம்பெனி பஸ் சத்துவாச்சாரி வரைக்கும் வருமா, லீவு எத்தனை நாள். சேர்ந்த பிறகு அதே கேள்விகளை மறுபடி கேட்பதே இல்லை. ஐந்து வருடம், பத்து வருடம் ஓடிவிடுகிறது. திடீரென்று ஒரு நாள் சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் சத்தம் போடுகிறார். அன்று சாயங்காலமே, "ணா, இந்த மாசத்தோட நின்னுக்கிறேன், செட்டில்மென்ட் போட்டுடுங்க" என்று வந்து நிற்கிறார்கள்.

ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் சம்பளக் கணக்குப் போடுகிறவன் என்பதால் இந்தப் பேச்சை அடிக்கடி கேட்கிறேன். அப்படி வருகிறவர்களில் பலருக்கு வேலையை விடுவது சரியான முடிவாகவே இருக்கும். விடுகிற நாளும் விதமும்தான் தப்பிப்போகிறது. வர வேண்டிய பணம் வராமல் போகிறது. இன்னும் சிலர், போக வேண்டிய நேரத்தில் போகாமல் அப்படியே இருந்துவிடுகிறார்கள். அதுவும் நஷ்டம்தான். இரண்டுக்கும் காரணம் ஒன்றே. வேலையைப் பற்றி நாம் ஆற அமர உட்கார்ந்து யோசிப்பதில்லை.

கோபம் வந்த நாளில் மட்டும் யோசிப்பது

வருடத்துக்கு ஒரு நாளை இதற்கென்று ஒதுக்குங்கள். சித்திரை பிறக்கிற நேரம் தோதானது. நிதியாண்டு முடிந்திருக்கும், பல இடங்களில் இன்கிரிமென்ட் தெரிந்திருக்கும், ஒரு வருடத்துப் பே ஸ்லிப் கையில் இருக்கும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள்: இந்த வருடம் புதிதாக என்ன கற்றுக்கொண்டேன், உடம்பு எப்படி இருக்கிறது, கையில் எவ்வளவு நின்றது, வீட்டில் இருக்கிறவர்களுக்கு என் நேரம் கிடைத்ததா. அடுத்த சித்திரையில் அதே கேள்விகளை அதே நோட்டில் மறுபடி எழுதுங்கள்.

கோபம் வந்தால் அதையும் அந்த நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள், ஆனால் அன்றைக்கு முடிவு எடுக்காதீர்கள். அடுத்த வருடமும் அதே புகார் அதே வேகத்தில் இருந்தால் அது நிஜமான புகார். பல புகார்கள் மூன்று மாதத்தில் ஆறிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். பிடிக்காதது வேலையா, ஆளா, ஷிப்டா? ஸ்டிச்சிங் லைனில் நாள் முழுக்க டார்கெட் துரத்துவது தாங்காத ஒருவர், சாம்பிள் ரூமுக்கு மாறினால் அதே கம்பெனியில் நிம்மதியாக இருக்கலாம். நைட் ட்யூட்டியால் உடைந்துபோன நர்ஸுக்கு, ஆஸ்பத்திரியை மாற்றுவதற்கு முன் வார்டு மாற்றம் கேட்டுப் பார்க்க வழி இருக்கிறது. கேட்டால் கெட்ட பெயர் வருமே என்று பயந்து கேட்காமல், நேராக ராஜினாமாக் கடிதத்தோடு போகிறவர்கள் நம் ஊரில் அதிகம். ராஜினாமாவே கொடுக்கத் துணிந்தவருக்கு ஒரு மாற்றம் கேட்பதில் என்ன பயம்?

சம்பளத்தை மட்டும் ஒப்பிடுவது

மிகவும் விலை கொடுக்க வைக்கிற தவறு இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வேலூரில் இருந்துகொண்டு சென்னை வேலைக்கு ரயிலில் போய்வருகிறவர்களை நமக்குத் தெரியும். காட்பாடியில் இருந்து சென்னை சென்ட்ரல் சுமார் 130 கிலோமீட்டர். வேகமான ரயிலே இரண்டு மணி நேரத்தை ஒட்டி எடுக்கும். வீட்டில் இருந்து காட்பாடி போகிற நேரமும், சென்ட்ரலில் இறங்கி ஆபீஸ் போகிற நேரமும் தனி. உள்ளூரில் 22,000 வாங்குகிற ஒருவருக்குச் சென்னையில் 32,000 கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்தாயிரம் அதிகம், உடனே கிளம்பத் தோன்றும்.

இப்போது வாசலை விட்டுக் கிளம்பி வாசலுக்குத் திரும்புகிற நேரத்தைக் கணக்கில் எடுங்கள். உள்ளூர் வேலைக்கு நாளுக்கு 10 மணி நேரம், மாதம் 26 நாள் என்றால் 260 மணி நேரம். மணிக்குச் சுமார் 85 ரூபாய். சென்னைக்குப் போய்வர நாளுக்கு 14 மணி நேரம் என்றால் மாதம் 364 மணி நேரம். சீசன் டிக்கெட், பஸ், வெளிச் சாப்பாடு எல்லாம் சேர்த்து 2,500 போனால் மிச்சம் 29,500. மணிக்கு 81 ரூபாய்தான். அப்படியானால் போகவே கூடாதா? அப்படிச் சொல்லவில்லை. வீட்டுக்கடன் தவணைக்கு அந்த ஏழாயிரத்து ஐந்நூறு கட்டாயம் வேண்டும் என்றால், அல்லது அங்கே கற்றுக்கொள்கிற வேலை இங்கே கிடைக்காது என்றால், போகலாம். மாதம் 104 மணி நேரம் கூடுதலாகக் கொடுக்கிறோம் என்று தெரிந்து போக வேண்டும்.

அடுத்தது இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீடு. மாதச் சம்பளம் 21,000 வரை இருப்பவர்களுக்குத்தான் அது. தொழிலாளியிடம் பிடிப்பது 0.75 சதவீதம், முதலாளி கட்டுவது 3.25 சதவீதம். 20,500 வாங்குகிறவருக்குப் பிடித்தம் 154 ரூபாய்தான். அதற்குக் குடும்பத்துக்கே வைத்தியம் கிடைக்கிறது. புது இடத்தில் 22,000 என்றதும் ஓடுகிறோம். அங்கே இ.எஸ்.ஐ. இல்லை. கம்பெனி தனியாக மருத்துவக் காப்பீடு எடுத்துத் தருமா என்று கேட்பதும் இல்லை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு 1,20,000, ஆகவே அதிலும் இடம் இல்லை. வீட்டில் சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று மாத்திரை சாப்பிடுகிற பெரியவர்கள் இருந்தால் 1,500 ரூபாய் கூடுதல் சம்பளம் எந்த மூலைக்கு? புது வேலை வேண்டாம் என்பதல்ல. காப்பீடும் உண்டா என்று கேட்டு, இல்லையென்றால் அந்தப் பிரீமியத்தையும் சேர்த்துச் சம்பளம் பேசுங்கள்.

தேதி பார்க்காமல் கிளம்புவது, அல்லது தேதிக்காகவே தங்கிவிடுவது

கிராஜுவிட்டிக்கு, அதாவது வேலையை விடும்போது கம்பெனி தருகிற பணிக்கொடைக்கு, நிரந்தரத் தொழிலாளிக்கு 5 வருடத் தொடர் சர்வீஸ் வேண்டும். அடிப்படைச் சம்பளத்தோடு பஞ்சப்படியைக் கூட்டி, 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்தால் ஒரு வருடத்துக்கான தொகை. 13,000 என்றால் வருடத்துக்கு 7,500. ஐந்து வருடத்துக்கு 37,500. நாலே முக்கால் வருடம் ஆனவர் இதை யோசிக்காமல் கோபத்தில் நின்றுவிடக் கூடாது. ஐந்தாம் வருடத்தில் 240 நாள் வேலை செய்திருந்தாலே தகுதி உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. எல்லாக் கம்பெனியும் தானாக அதை ஏற்றுக்கொள்ளும் என்று நம்பாதீர்கள். முடிந்தால் ஐந்தை முடித்துவிட்டே போங்கள்.

போனஸ் விஷயம் இதற்கு நேர் எதிர். தீபாவளி வரைக்கும் இருந்தால்தான் போனஸ் வரும் என்று நினைத்து, நல்ல வேலை தேடி வந்தும் பலர் விட்டுவிடுகிறார்கள். போனஸ் சட்டத்தின் வரம்புக்குள் வருகிறவர் அந்தக் கணக்கு ஆண்டில் 30 நாள் வேலை செய்திருந்தாலே போனஸுக்குத் தகுதி உண்டு, குறைந்தபட்சம் 8.33 சதவீதம். மார்ச்சோடு முடிந்த ஆண்டுக்கான போனஸ், ஜூன் மாதம் நின்றவருக்கும் சேர வேண்டியதுதான். நிற்கும்போதே எழுத்தில் கேட்டு வையுங்கள்.

பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பணத்தை ஒவ்வொரு கம்பெனி மாறும்போதும் எடுத்துவிடுவது இன்னொரு கெட்ட பழக்கம். பி.எஃப்.போடு சேர்ந்த பென்ஷன் வேண்டுமென்றால் மொத்தம் 10 வருட சர்வீஸ் சேர வேண்டும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை பென்ஷன் பணத்தையும் சேர்த்து எடுத்தால், ஒவ்வொரு தடவையும் முதலில் இருந்து எண்ண வேண்டியதுதான். ஐந்து வருடத்துக்கு முன் எடுத்தால் வரியும் வரலாம். ஒரே யு.ஏ.என். எண்ணில் (கம்பெனி மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) பழைய கணக்கைப் புதுக் கணக்குக்கு மாற்றிக்கொண்டால் சர்வீஸ் தொடரும்.

நம்மை மட்டும் பார்த்து, தொழிலைப் பார்க்காமல் இருப்பது

வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் பகுதி ஊர்களில் தோலை நம்பி வாழ்கிற குடும்பங்களுக்கு இது புதிதாகச் சொல்ல வேண்டிய விஷயம் இல்லை. 1996 ஆகஸ்டில், கழிவுநீரைச் சுத்திகரிக்க வழி செய்யாத தோல் தொழிற்சாலைகள் இயங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி போட்டது. ஏற்றுமதி ஆர்டரை நம்பிய கம்பெனிகள் கலங்கின. நீங்கள் எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் தொழிலுக்கு வருகிற இந்த அடிகளை உங்களால் தடுக்க முடியாது. வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க முடியும். ஆர்டர் எந்த நாட்டில் இருந்து வருகிறது, ஓ.டி. (ஓவர்டைம்) குறைகிறதா, நிற்கிறவர் இடத்தில் புது ஆள் எடுக்கிறார்களா, சம்பளம் தேதிக்கு வருகிறதா? உள்ளே இருக்கிறவருக்குத்தான் இவை முதலில் தெரியும்.

அதே சமயம் பக்கத்தில் என்ன வருகிறது என்றும் பார்க்க வேண்டும். ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கம் சிப்காட் தொழிற்பேட்டையில் டாடா மோட்டார்ஸின் 9,000 கோடி ரூபாய் கார் தொழிற்சாலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். அடுத்த சில மாதங்களில் அங்கேயே, தோல் அல்லாத காலணி செய்ய ஒரு தைவான் நிறுவனத்துக்கும் அடிக்கல் நாட்டப்பட்டது. லாஸ்டிங் மெஷின் (ஷூவின் மேல்பகுதியை அச்சில் இழுத்துப் பொருத்துகிற மெஷின்) ஓட்டத் தெரிந்தவர் தோல் ஷூவைத் தாண்டி யோசிக்க இடம் இருக்கிறது. வேலை மாறும் எண்ணமே இல்லாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒரு இன்டர்வியூவுக்குப் போய் வாருங்கள். நம் கைவேலைக்கு வெளியில் என்ன மதிப்பு என்று அதில்தான் தெரியும்.

சேர்ந்தபோது இருந்த காரணம் இன்னும் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். குழந்தை பள்ளிக்கூடத்துக்குப் பக்கம் என்று சேர்ந்தவருடைய பிள்ளை இப்போது காலேஜ் போகிறாள். அம்மாவை மாதம் ஒருமுறை வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வசதி என்று சேர்ந்தவருக்கு, இன்று அந்தக் காரணம் முன்னைவிடப் பெரிதாகியிருக்கலாம். முதலாமவர் தாராளமாக வெளியூர் வேலையை யோசிக்கலாம். இரண்டாமவர் யார் என்ன சொன்னாலும் இங்கேயே இருப்பது நியாயம்.

யாரிடம் கேட்பது என்பதிலும் தவறு நடக்கிறது. சொந்தக்காரர்களிடம் கேட்டால் "கவர்மென்ட் வேலைக்கு எழுது" என்பார்கள், கூட வேலை செய்கிறவர்களிடம் கேட்டால் மறுநாள் மேனேஜர் காதுக்குப் போய்விடும். நீங்கள் போக நினைக்கிற இடத்தில் ஒரு வருடமாவது வேலை பார்த்தவரைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள். வீட்டில் கணவரோ மனைவியோ கடைசியில் தெரிந்துகொள்கிறவராக இருக்கக் கூடாது.

சரி, எல்லாம் பார்த்துப் போவதென்றே முடிவாகிவிட்டது. புது இடத்து ஆர்டர் எழுத்தில் கைக்கு வந்த பிறகுதான் பழைய இடத்தில் கடிதம் கொடுங்கள். நோட்டீஸ் காலத்தை முடித்துக்கொடுங்கள், ரிலீவிங் ஆர்டர் வாங்குங்கள். அப்புறம் பி.எஃப். கணக்கில் நீங்கள் வெளியேறிய தேதி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். கம்பெனி ஏற்றாமல் விட்டிருந்தால், கடைசியாகப் பணம் கட்டிய மாதத்தில் இருந்து இரண்டு மாதம் கழித்து யு.ஏ.என். தளத்தில் நீங்களே ஏற்றிக்கொள்ளலாம்.